ஃபுல் என்றால் எது வரைக்கும்

மே 9, வெள்ளி

வேலைக்குச் சேர்ந்த பிறகு இன்றுதான் எழுத உட்கார்கிறேன். கையில் பெட்ரோல் வாசனை. சோப்புக்கும் போகவில்லை, புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நோட்டிலும் ஏறியிருக்கும்.

பங்க் காங்கேயம் ரோட்டில் இருக்கிறது. நீலச் சட்டை, நீலப் பேன்ட், தொப்பி. பக்கத்து வீட்டில் கேட்டவர்களிடம் அப்பா “ஆபீஸ் வேலை” என்று சொல்லியிருக்கிறார். பங்கில் ஒரு ஆபீஸ் அறையும் இருக்கிறது. அதனால் முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

ஹோஸைத் தூக்கிப் போய் மாட்டுவது கஷ்டமாக இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் “ஜீரோ பாத்துக்கங்க” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், அதுதான் வரவில்லை. நான் சொல்வது எனக்குக் கேட்கிறது. எதிரே இருப்பவருக்குக் கேட்பதில்லை. கல்லூரியிலும் அப்படித்தான், வருகைப் பதிவில் பாதி நாள் ஆப்சென்ட்.

கார் பம்பில் நிற்கும் ருக்குமணி அக்கா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வந்தாள். “ஏஞ்சாமி, ஜீரோவ நீயே பாத்துக்கறயே, அவங்களுக்கும் கொஞ்சம் காட்டு” என்றாள். ஸ்கூட்டர்க்காரர் சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். முன்பு பனியன் கம்பெனியில் இருந்தவள். பஞ்சுத் தூசியில் மூச்சு இழுக்க ஆரம்பித்து, அங்கிருந்து இங்கே வந்திருக்கிறாள். “இங்க வாசனைதான் பெட்ரோலு. காத்து காத்தாத்தான் இருக்குது” என்கிறாள்.

மே 11, ஞாயிறு

இன்று ஒரு கார் வந்ததே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் பம்புக்குப் பக்கத்தில் நிற்கிறது. வெள்ளை, புதிது. பெட்ரோலிலும் ஓடும், உள்ளே இருக்கும் பேட்டரியிலும் ஓடும் ஹைப்ரிட் என்றார் மேனேஜர் சென்னியப்பன் அண்ணன். பங்கில் அதற்குப் பெயர் பூனை வண்டி. காங்கேயத்தில் அரிசி மில் வைத்திருக்கும் முத்துரத்தினம் ஐயாவுடையது. வாரம் முழுக்கக் கேரளாவுக்குப் போய் வருவார், ஞாயிறு காலை பெட்ரோல் போடுவார். அவருடைய மில் லாரிகள் எல்லாம் எங்களிடம்தான் டீசல் போடுகின்றன. அவரைக் கண்டதும் மேனேஜர் அண்ணன் சட்டைப் பட்டனைச் சரிபார்க்கிறார்.

நான் டூவீலர் பம்பில் இருந்தேன். அப்போது கூட்டமில்லை, அதனால் பக்கத்தில் போய் நின்றேன்.

“வண்டிய ஆஃப் பண்ணிருங்க” என்றாள் அக்கா.

“ஆஃப்லதான இருக்குது அம்மிணி. சத்தம் வருதா?”

“இல்லீங்க.”

“அப்பறம் என்ன?”

அக்கா மூடியைத் திறந்து நாசிலைச் செருகினாள். ஹோஸ் நுனியில் இருக்கும் துப்பாக்கி மாதிரியான குழாயைத்தான் நாசில் என்கிறார்கள். பாதி ஓடியிருக்கும். திடீரென்று கார் உறுமியது. யாரும் சாவியைத் தொடவில்லை. சாவியே இல்லை. அக்கா நாசிலை விட்டுவிட்டு ஓரடி பின்னால் போனாள். ஐயா பக்கத்துச் சீட்டைப் பார்த்துச் சிரித்தார். அவர் மனைவிக்காக ஏசி ஓடிக்கொண்டிருந்ததாம், பேட்டரி குறைந்ததும் இன்ஜின் தானாக எழுந்துகொண்டதாம்.

“எங்கூட்டுக்காரராட்டவே இருக்குதுங்க. சத்தமில்லியே தூங்கறாருன்னு நெனச்சா, முழிச்சுட்டுக் கெடப்பாரு” என்றாள் அக்கா.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். முன்னால் இருக்கும் கண்ணாடிப் பலகையில் பச்சை நிறத்தில் ‘ரெடி’ என்று ஆங்கிலத்தில் எரிந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல் இருப்பதும் நின்றுபோவதும் ஒன்றில்லை போலிருக்கிறது. ஐயா ஒரு பொத்தானை அழுத்தினார், அது அணைந்தது.

அதற்குள் எனக்கு ஒரு மொபட் வந்துவிட்டது. ஐயா இறங்கி நின்று, இரண்டு கைகளாலும் காரைத் தொட்டில் ஆட்டுவது போல ஆட்டுவதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

மே 13, செவ்வாய்

காலையில் நாசில்களைத் துணியால் துடைக்கும் வேலை. முனைக்குள் ஒரு சிறு துளை இருக்கிறது, கடுகு போகும், மிளகு போகாது. பெட்ரோல் வருகிற வழி அதுவல்ல. நான்கு நாசிலிலும் பார்த்தேன். நான்கிலும் இருக்கிறது.

“அக்கா, இது எதுக்கு?”

“அது அப்பிடித்தான் இருக்கும்.”

மேனேஜர் அண்ணனிடம் கேட்டேன். இரண்டாம் முறை கேட்டபோதுதான் அவருக்குக் கேட்டது. “கம்பெனிக்காரன் வெச்சது. வெரல கிரல விட்டுத் தொலைக்காத” என்றார்.

டேங்க் நிறைந்ததும் நாசில் ‘டக்’ என்று தானாக நின்றுவிடுகிறது. கட் ஆகிவிட்டது என்பார்கள். அதற்குக் கண் கிடையாது. நிறைந்தது எப்படித் தெரியும்? வரலாறு படித்தவளுக்கு இது சம்பந்தமில்லாத விஷயம்தான். ஆனாலும் மதியம் முழுக்க அதுவே ஓடியது.

மே 15, வியாழன்

இரவுச் சாப்பாட்டில் துளையைப் பற்றி அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தேன். தோசை கருகுகிறது என்று போய்விட்டாள்.

மே 18, ஞாயிறு

பூனை வண்டி வந்தது. எனக்கு வரிசையாக டூவீலர்கள். முதுகுப் பக்கம் மேனேஜர் அண்ணன் கத்தியபோதுதான் திரும்பினேன்.

காரின் பக்கவாட்டில் பெட்ரோல் வழிந்து, தரையில் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. வெயிலில் அதன் மேலே காற்று நெளிந்தது. அக்காவின் சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. ஐயா காருக்குள் ஏறப் போனார். அக்கா குறுக்கே நின்று, “ஸ்டார்ட் பண்ணாதீங்க. கதவத் தொடாதீங்க. அப்பிடியே அக்கட்டால வந்து நில்லுங்க” என்றாள். இதுவரை அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. மணல் வாளியைக் கொண்டுவந்து கொட்டினாள். நானும் ஒரு வாளி கொட்டினேன். மற்ற பம்புகளை நிறுத்தச் சொன்னாள். காரின் மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவி, தரை உலரும் வரைக்கும் யாரையும் நகர விடவில்லை.

பிறகுதான் ஐயா ஆரம்பித்தார். “கீழ ஊத்தறதுக்கா நான் காசு குடுக்கறேன்? வண்டி வாங்கி ஆறு மாசம் ஆகல.”

“நீங்க சொன்னதுனாலதானுங்க ஊத்தினேன்.”

“நானென்ன சொன்னேன்? ஃபுல்லுன்னு சொன்னேன். ரோட்டுல ஊத்துன்னா சொன்னேன்?”

மேனேஜர் அண்ணன் அக்காவைப் பார்த்து வாயை மூடு என்று சைகை செய்தார்.

கார் போன பிறகு அக்கா கையைக் குழாயடியில் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள். தோல் சிவந்து எரிகிறதாம். நான் தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொண்டு போனேன். “தடவாத. மொத தண்ணிதான்” என்றாள். பிறகு, “நீ பாத்தயா?” என்றாள்.

“இல்லக்கா. அந்தப்பக்கம் திரும்பியிருந்தேன்.”

“செரி உடு” என்றாள்.

மே 21, புதன்

ஐயா மறுபடி வந்தார், பெட்ரோலுக்காக இல்லை. காருக்குள் பெட்ரோல் நெடி அடிக்கிறதாம், இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறதாம். ஒர்க்‌ஷாப்பில் பார்த்துவிட்டு, அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்கள் என்று சொன்னார்களாம். டேங்கிலிருந்து எழும்பும் ஆவியைப் பிடித்துவைக்க உள்ளே ஒரு கரிப் பெட்டி உண்டாம். அந்தக் கரியில் பெட்ரோலே இறங்கிவிட்டதாம்.

காருக்குள் கரி! அதை அவர் சொன்னபோது நான் பக்கத்தில் துடைப்பத்தோடு நின்றேன். ஆவியை எப்படிக் கரி பிடிக்கும் என்று கேட்க நாக்கு வரை வந்தது. அதற்கான நேரம் அதுவல்ல.

அக்கா ஒரே பேச்சில் நின்றாள். “கட் ஆச்சுங்க. நிறுத்தினேன். இவருதானுங்க இன்னும் ஊத்தச் சொன்னாரு.”

ஐயாவும் ஒரே பேச்சில் நின்றார். “ஃபுல்லுன்னு ஒரு வார்த்தை. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல. கோயில்ல வந்து வேணா சொல்றேன்.”

இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தேன். பொய் சொல்கிறவர்கள் எங்காவது ஓரிடத்தில் கண்ணை நகர்த்துவார்கள். இருவரும் நகர்த்தவில்லை.

நாளையிலிருந்து அக்கா டயருக்குக் காற்றுப் பிடிக்கும் இடத்தில் நிற்க வேண்டும். கார் பம்பில் நான்.

மே 22, வியாழன்

பம்பைச் சோதித்தார்கள். அளவுக் கேனில் நாசிலை வைத்து ஊற்றினால் சரியாக ‘டக்’ என்று நிற்கிறது. பம்பில் குறையில்லை.

பிறகு மேனேஜர் அண்ணன் கேமராவில் ஞாயிற்றுக்கிழமையைப் போட்டுப் பார்த்தார். டீ கொடுக்கப் போன நானும் பார்த்தேன். அக்கா கையை எடுக்கிறாள். ஐயா ஏதோ சொல்கிறார். அக்கா மறுபடி அழுத்துகிறாள். ஐயா காரை ஆட்டுகிறார். மறுபடி அழுத்துகிறாள். பிறகு நாசில் ஓரத்திலிருந்து பீய்ச்சி அடிக்கிறது.

“பாரு, அவளேதான் அழுத்தறா” என்றார் அண்ணன்.

“அவரு என்னமோ சொல்றாருங்களே.”

“என்ன சொல்றாரு?”

கேமராவில் சத்தம் கிடையாது. வாய் மட்டும் அசைகிறது. அந்த ஒரு இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லலாமா என்று நினைத்தேன். டம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 24, சனி

எனக்கு வார லீவு. அம்மா தேங்காய் எண்ணெய்த் தகரத்திலிருந்து பாட்டிலுக்கு மாற்றச் சொன்னாள். புனலை வைத்து ஊற்றினேன். கொஞ்சம் இறங்கியது, பிறகு எண்ணெய் புனலிலேயே நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன். ‘குளுக்’ என்று ஒரு குமிழி மேலே வந்து என் கையில் துப்பியது. மறுபடி நின்றது. புனலை ஒரு நூல் அளவு தூக்கிப் பிடித்தேன், சளசளவென்று இறங்கியது.

எண்ணெய் உள்ளே போக வேண்டுமென்றால், உள்ளே இருக்கும் காற்று வெளியே வந்தாக வேண்டும். வழி இல்லாவிட்டால் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வரும்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஐயா காரை ஆட்டுவது மாட்டிக்கொண்ட காற்றை வெளியே விடத்தான். அந்த இடத்தையும் நிரப்பப் பார்க்கிறார். அந்தக் கடுகளவுத் துளை, பெட்ரோல் ஓடும்போதெல்லாம் மூச்சு இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பெட்ரோல் ஏறி வந்து அதை மூடியதும் மூச்சு நிற்கிறது, நாசில் கையை விட்டுவிடுகிறது. அதாவது அந்த ‘டக்’குக்கு மேலே இருக்கும் இடம் ஆவிக்கு விட்ட இடம். அதிலும் ஊற்றினால் கரிப் பெட்டிக்குப் போகும், அல்லது கையில் துப்பும். மொபைலில் தேடிப் படித்தேன். ஏறக்குறைய அப்படித்தான் போட்டிருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வீட்டில் எல்லோரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா ஹால் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார். ஜூன் 1, சர்க்கார் வேலைக்கான தேர்வு. மடியாமல் இருக்க அட்டைக்குள் வைத்து, தான் வேலை செய்யும் தறிப் பட்டறை முதலாளியிடம் காட்டிவிட்டு வந்திருக்கிறார். “எங்க வம்சத்துல மொத ஆளு” என்றாராம்.

படிக்க உட்கார்ந்தேன்.

மே 25, ஞாயிறு

பூனை வண்டி வரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறதாம்.

மே 27, செவ்வாய்

இன்று பம்பில் நின்று ஒரு காரியம் செய்தேன். “ஃபுல்” என்று சொன்னவர்களிடம் எல்லாம், “ஃபுல்லுன்னா எது வரைக்கும்ங்க?” என்று கேட்டேன். முதல் இரண்டு பேருக்குக் கேட்கவே இல்லை. மூன்றாவது ஆளுக்குக் கேட்டுவிட்டது.

டெம்போக்காரர், “மூடிய மூடறப்ப மூடி நனையோணும்” என்றார். டூவீலர் பம்பில் கூட்டம் என்று ஸ்கூட்டியோடு என்னிடம் வந்த நர்ஸ் பெண், “முள்ளு மேல போனாப் போதும்க்கா” என்றாள். டிராக்டருக்குக் கேனில் டீசல் வாங்க வந்த ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, “புதுசா? நெறையற வரைக்கும்தான் நெறையறது” என்றார். ஒரு வேன் டிரைவர், “நீயா நிறுத்தற வரைக்கும்” என்றார்.

மேனேஜர் அண்ணனிடம் கேட்டேன். “அவுங்க போதும்ங்கற வரைக்கும்.”

காற்றுப் பிடிக்கும் இடத்துக்குப் போய் அக்காவிடம் கேட்டேன். டயர்மேல் குனிந்திருந்தவள் நிமிராமலே, “கஸ்டமர் மூஞ்சி மலர்ற வரைக்கும்” என்றாள்.

ஒரு சொல்லுக்குள் இத்தனை மட்டம். ஐயாவின் ஃபுல் எது வரைக்கும்? அவரைப் பொறுத்தவரை ‘ஃபுல்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘இன்னும் ஊத்து’ என்பதும் இருக்கிறதோ என்னவோ. அப்படியிருந்தால் இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அதை அவரிடமே கேட்டால் தெரிந்துவிடும்.

மேனேஜர் அண்ணனிடம் இதைச் சொல்லப் பார்த்தேன். பாதியிலேயே, “மில்லுக்காரர நிக்க வெச்சுக் கேள்வி கேக்கச் சொல்றயா? நாளைக்கு லாரியெல்லாம் எதுத்த பங்குக்குப் போயிரும். போயி வேலையப் பாரு” என்றார்.

போய் வேலையைப் பார்த்தேன்.

மே 30, வெள்ளி

திங்கட்கிழமை முதலாளி கோயமுத்தூரிலிருந்து வருகிறார். அக்காவை அன்றோடு நிறுத்திவிடுவது என்று பேச்சு. ஞாயிறு மில்லுக்காரர் வரும்போது அக்கா நேரில் மன்னிப்புக் கேட்டால் தான் பேசிப் பார்ப்பதாக மேனேஜர் அண்ணன் சொல்லியிருக்கிறார்.

“என்னன்னு கேப்பேன்? நீங்க சொன்னத நான் கேட்டது தப்புதானுங்கன்னா?” என்றாள் அக்கா.

ஞாயிறு அவள் வரப்போவதில்லை. பழைய பனியன் கம்பெனியில் போய்ச் சொல்லிவைத்திருக்கிறாள். உள்ளே நுழைந்து பத்து நிமிஷம் நின்றதற்கே நேற்று இரவு மூச்சு இழுத்ததாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். பேச்சுக்கு நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“உனக்கு ஞாயித்துக்கெழம பரீட்சைல்ல? நல்லா எழுது சாமி. எழுதிப்போட்டு இந்தத் தொப்பியத் தூக்கி வீசிரு” என்றாள்.

ஞாயிறு எனக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மே 31, சனி

இரண்டு பேனா. ஹால் டிக்கெட். ஆதார். அம்மா சுடிதாரை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். சோழர் உள்ளாட்சியைத் திருப்பிப் பார்த்தேன். குடவோலை முறை வரைக்கும் படித்தேன். ஐயா வழக்கமாக வருவது எட்டரை மணி சுமாருக்கு. தேர்வு மையத்தில் ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

ஜூன் 1, ஞாயிறு

அம்மா திருநீறு பூசி, தயிர் சாதம் கட்டிக் கொடுத்தாள். பஸ் ஏறும் வரைக்கும் அப்பா கூடவே நின்றார். ஜன்னலோரச் சீட்டு கிடைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

அந்த பஸ் பங்க் ஸ்டாப்பில் நின்றுதான் போகும். நின்றது.

மேனேஜர் அண்ணன், “ஏம்மா, நீ லீவுல்ல?” என்றார்.

“ஆமாங்க.”

“சுடிதார்ல வந்திருக்கறயே?”

சட்டையை மேலே மாட்டிக்கொண்டு தொப்பியை எடுத்தேன். எனக்குப் பதிலாகக் கார் பம்பில் நின்ற பையனை டூவீலருக்குப் போகச் சொன்னேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை, என் முகம் அப்படி இருந்திருக்கும்.

பூனை வண்டி எட்டரைக்கு வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. அதன் பிறகு நான் போக வேண்டிய இடம் எதுவும் இருக்கவில்லை. ஒன்பதரைக்குத் திரும்பிப் பார்த்தேன், பம்பருகே நின்றுகொண்டிருந்தது. மேனேஜர் அண்ணன் வேகமாக வந்து கும்பிட்டார்.

“வண்டி சரியாயிருச்சுங்களா?”

“ஆச்சு. அந்தக் கரிப் பெட்டிய மாத்திப்போட்டாங்க. அந்தப் பொண்ணு எங்க?”

“அவ வரலீங்க. நாளைக்கு முதலாளி வந்து முடிவு பண்ணிருவாருங்க” என்றார் அண்ணன்.

நான் ஜன்னல் பக்கம் போனேன். “வண்டிய ஆஃப் பண்ணிருங்க ஐயா.”

“ஆஃப்தான்.”

“ரெடின்னு பச்சையா எரியுதுங்க.”

அவர் குனிந்து பார்த்தார். “அட” என்று பொத்தானை அழுத்திவிட்டு இறங்கினார். “ஃபுல் பண்ணிரு அம்மிணி.”

மூடியைத் திறந்தேன். நாசிலை உள்ளே கடைசி வரை செருகினேன். அழுத்தவில்லை. இதுவரை எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்விதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“ஃபுல்லுன்னா எது வரைக்கும்ங்க?”

“என்ன கேட்ட?”

சத்தமாகக் கேட்டேன். மேனேஜர் அண்ணன் என்னை முறைத்தார். ஐயாவோ, யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று வெகுநாளாகக் காத்திருந்தவர் போல மொபைலை வெளியே எடுத்தார்.

“இங்க பாரு, இது நெம்ப முக்கியம். மைலேஜ் பாக்கோணும்னா கழுத்து வரைக்கும் இருக்கோணும். எட்டிப் பாத்தா பெட்ரோலு கண்ணுக்குத் தெரியோணும். போன வாரம் கழுத்து வரைக்கும், இந்த வாரமும் கழுத்து வரைக்கும். அப்பத்தான் எத்தன லிட்டருக்கு எத்தன கிலோமீட்டர்னு கணக்கு நிக்கும். இது டக்குன்னு நின்னுரும், அத நம்பக் கூடாது. நின்னதுக்கப்பறம் மெதுவா விட்டு விட்டு அழுத்தோணும். நான் வண்டிய ஆட்டுவேன், காத்துப் போயிரும், இன்னும் புடிக்கும்.” இதே கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் லிட்டருக்கு இருபத்தெட்டுக் கிலோமீட்டர் எடுப்பது தான் ஒருவர்தான் என்று திரையைக் காட்டினார்.

“அந்தக்காகிட்டயும் இதத்தான் சொல்வீங்களா?”

“பின்ன? வாராவாரம் அதுகிட்ட இதையேதான சொல்றேன்.”

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. மொபைல் கையிலேயே நின்றது. மேனேஜர் அண்ணன் தரையைப் பார்த்தார்.

“நான் ஃபுல்லுன்னுதான் சொன்னேன்” என்றார் ஐயா, முன்பு சொன்ன அதே வார்த்தையை, வேறு குரலில்.

“ஆமாங்க” என்றேன்.

ஐயா நாசிலைப் பார்த்தார். பிறகு, “டக்குன்னு நிக்கறதுதான் ஃபுல்லுங்கறயா? அது தலை தட்டி அளக்கறதாட்டல்ல இருக்குது. எங்காத்தா நெல்லு அளந்தா படிக்கு மேல கோபுரம் நிக்கும். தலை தட்டி அளக்கறவனக் கருமின்னுவாங்க” என்றார்.

“நெல்லு கோபுரமா நிக்குமுங்க. பெட்ரோலு நிக்காதுங்க.”

இதை நான்தான் சொன்னேன். இப்போது எழுதும்போதும் நம்ப முடியவில்லை.

அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். “அப்ப என் மைலேஜுக் கணக்கு?”

அதற்கு மேல் எனக்குப் பயமே இல்லை, கரியைப் பற்றியும் துளையைப் பற்றியும் சொல்ல ஆள் கிடைத்துவிட்டது. நாசிலை வெளியே எடுத்து முனையைக் காட்டினேன். அந்தத் துளை பெட்ரோலால் மூடினால் நிற்கிறது என்றேன். ஒவ்வொரு வாரமும் இதே பம்பில், இதே மாதிரி செருகி, முதல் ‘டக்’கிலேயே நிறுத்தினால், ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் நிற்கும் என்றேன். கொஞ்சம் முன்பின் இருந்தாலும் நாலைந்து வாரத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் சரியாகிவிடும்.

“படி எதா இருந்தாலும் மாறாம இருந்தாப் போதும்ங்கற” என்றார். அவரே துளைக்குள் எட்டிப் பார்த்தார். “இத்தன நாள் இது என் கண்ணுல படல பாரு.”

மறுபடி செருகி ஊற்றினேன். டக். கையை எடுத்தேன். ஐயாவின் இரண்டு கைகளும் காரின் மேல் போயின, அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தன, ஆட்டாமல் திரும்பின. உடனே உருவாமல், சொட்டுகள் உள்ளேயே விழட்டும் என்று நாசிலை அப்படியே விட்டு, பிறகு முனையை மேலே திருப்பி எடுத்தேன். கீழே ஒரு சொட்டு விழவில்லை. மூடியைத் திருகினேன்.

“சென்னியப்பா, முதலாளி நெம்பரக் குடு” என்றார் ஐயா.

ஆபீஸ் அறைக்குப் பின்னால் உட்கார்ந்து தயிர் சாதத்தைச் சாப்பிட்டேன். மத்தியானம் மூன்று மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன், பரீட்சை முடிந்தால் எல்லோரும் திரும்பும் பஸ் அதுதான்.

“கேள்வியெல்லாம் எப்பிடிம்மா இருந்துது?” என்றார் அப்பா.

“ஒரு கேள்வி கஷ்டமா இருந்துச்சுப்பா.”

“விட்டுட்டயா?”

“விடல.”

“அப்ப சரி” என்றார். அம்மாவைப் பார்த்து, “ஒண்ணுதான் கஷ்டமாம்” என்றார். விளக்கை அணைத்த பிறகும் அவர் அதை இன்னொரு முறை சொல்வது கேட்டது.

ஜூன் 2, திங்கள்

முதலாளி வந்தார். ஆபீஸ் அறையில் அரை மணி நேரம் பேச்சு. மேனேஜர் அண்ணன் வெளியே வந்து, காற்றுப் பிடிக்கும் இடத்தில் நின்ற அக்காவைப் பார்த்து, “ருக்கு, கார் பம்புக்குப் போ” என்றார். கட் ஆன பிறகு யார் கேட்டாலும் ஊற்றக் கூடாது என்று முதலாளி எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா வந்து என் கையிலிருந்து நாசிலை வாங்கினாள். நனைந்த அன்று போட்டிருந்த அதே சட்டை, துவைத்து வெளுத்திருந்தது.

முதலில் வந்தது ஒரு டெம்போ. “ஃபுல் பண்ணு, கழுத்து வரைக்கும்” என்றார் டிரைவர்.

“கழுத்து உங்களுக்குத்தானுங்க இருக்குது. வண்டிக்கு இல்ல” என்றாள் அக்கா.

டக் என்றதும் கையை எடுத்தாள். டிரைவர் ஏதோ முனகினார். நாசிலைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு என் பக்கத்தில் நின்றாள்.

“நேத்து சுடிதார் போட்டுட்டு வந்தயாமா.”

நான் எதிர்வரிசையைப் பார்த்தேன். வண்டி எதுவும் வரவில்லை.

“எத்தன மணிக்குப் பரீட்சை?”

“ஒம்பது.”

ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். என் தொப்பியைக் கழற்றி, உள்ளே சுருண்டிருந்த முடியை ஒதுக்கி, மறுபடி மாட்டிவிட்டாள்.

“அடுத்த பரீட்சை எப்ப வருதுன்னு இன்னைக்கே கேட்டு வை” என்றாள். “அன்னைக்கு நீ பஸ்ஸ விட்டு எறங்குனீன்னா, இந்த ஹோஸத் தூக்கிட்டு அடிக்க வருவேன்.”

சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் பிரவுசிங் சென்டரில் கேட்டேன். செப்டம்பரில் ஒன்று இருக்கிறதாம். இன்று இரவு அப்பாவிடம் சொல்ல வேண்டும், செப்டம்பரைப் பற்றி மட்டுமல்ல. அவர் இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கை கழுவட்டும் என்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கழுவிவிட்டார்.